பெயர்த்தகடு இல்லாத பழைய மின் சைரன்: பிறப்பிடத்தை எப்படிக் கண்டறிவது?

வாசகர் கேள்வி: மூடப்பட்ட ஓர் ஆலையின் பழைய பொருள்கள் ஏலத்துக்கு வந்தபோது ஒரு மின் சைரனை வாங்கினேன். நடுவில் மோட்டார், அதன் இரு பக்கமும் உருளை வடிவில் இரண்டு தலைகள். ஒரு தலையில் 10 வாய்கள், மற்றொன்றில் 12. மேலே பச்சைப் பூச்சு, அது உரிந்த இடங்களில் சாம்பல் நிறம். தயாரிப்பாளரின் தகடு இருந்த இடத்தில் நான்கு ரிவெட் துளைகள் மட்டும் இருக்கின்றன. மோட்டாரின் சிறு தகட்டில் ‘4 எச்.பி.’, ‘2850’, ‘400’, ‘50 சைக்கிள்ஸ்’ என்பவற்றை ஆங்கிலத்தில் படிக்க முடிகிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியில் ஊதிய சங்கு என்று விற்றவர் சொன்னார். நண்பர் ஒருவர் அமெரிக்கச் சைரன் என்கிறார். என்னிடமுள்ள மெட்ரிக் ஸ்பேனர்கள் எதுவும் இதன் போல்ட்டுகளில் சரியாகப் பொருந்தவில்லை. மணல் வீசிச் சுத்தம் செய்து புதுப் பூச்சு அடிக்கவும், ஒருமுறை ஓடவிட்டுக் கேட்கவும் விரும்புகிறேன். இது எங்கே, எப்போது, யாரால் செய்யப்பட்டது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு வணக்கம்.

முதலில் ஒரு வேண்டுகோள். மணல் வீசும் வேலையை நிறுத்தி வையுங்கள். நீங்கள் கேட்டிருக்கும் கேள்விக்கான விடையில் பாதி, நீங்கள் நீக்க நினைக்கும் அந்தப் பூச்சிலும் துருவிலும்தான் இருக்கிறது. பழைய மின் இயந்திரங்களைப் பழுதுபார்த்துக் காப்பது என் தொழில். என்னிடம் வந்த சைரன்களில் கடைசிவரை அடையாளம் தெரியாமலே போனவை பெரும்பாலும், யாராவது ஆர்வத்தோடு பளபளப்பாக்கிய பிறகு வந்தவை. துருப்பிடித்து, எண்ணெய்ப் பிசுக்கேறி, பறவைக் கூட்டோடு வந்த சைரன்கள் தம்மைப் பற்றி எவ்வளவோ சொல்லியிருக்கின்றன.

நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்து இப்போது சொல்லக்கூடியது இதுதான்: உங்கள் சைரன் பிரிட்டிஷ் மரபைச் சேர்ந்தது என்று கருத நல்ல காரணங்கள் உள்ளன, ஜெர்மானியச் சைரன் என்பதற்கும், அமெரிக்காவின் உள்நாட்டுப் பயன்பாட்டுக்காகச் செய்யப்பட்டது என்பதற்கும் உங்கள் கடிதத்தில் ஆதாரம் இல்லை. யார் செய்தது என்பதற்கு இன்னும் சில அளவுகள் தேவை. அவற்றை எப்படி எடுப்பது, எடுத்ததை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை விளக்குகிறேன்.

‘பிறப்பிடம்’ என்று நாம் ஒரே சொல்லில் கேட்பதற்குள் மூன்று தனிக் கேள்விகள் அடங்கியிருக்கின்றன. இந்த வடிவமைப்பு எந்த நாட்டில் உருவானது? இந்தக் குறிப்பிட்ட இயந்திரம் எந்தத் தொழிற்சாலையில் வார்க்கப்பட்டுப் பூட்டப்பட்டது? இது எங்கே, யாருடைய பொறுப்பில் ஊதியது? இம்மூன்றுக்கும் ஒரே விடை இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஜெர்மனியின் ‘ஈ 57’ என்ற பொதுத்தரச் சைரனைப் பாருங்கள். காளான் குடை போன்ற மூடியும் செங்குத்தான அச்சும் கொண்ட அந்த வடிவம் ஒன்றுதான். ஆனால் அதைச் செய்து கொடுத்த நிறுவனங்கள் பல. வடிவத்தைப் பார்த்த மாத்திரத்தில் நாட்டைச் சொல்லிவிடலாம், தொழிற்சாலையைச் சொல்ல முடியாது. விற்றவர் ‘ஜெர்மனியில் ஊதியது’ என்று சொன்னது மூன்றாவது கேள்விக்கான விடை. அது உண்மையாகவே இருந்தாலும் முதல் இரண்டு கேள்விகளுக்கு அதனால் பதில் கிடைக்காது.

மோட்டார் தகட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் தவறுவது அங்கேதான். சைரன் செய்த நிறுவனங்களில் பல மோட்டாரைத் தாமே செய்யவில்லை, வெளியிலிருந்து வாங்கிப் பூட்டின. ஜெனரல் எலக்ட்ரிக், வெஸ்டிங்ஹவுஸ், புரூக், கிராம்ப்டன் பார்க்கின்சன், சீமென்ஸ் போன்ற பெயர் தகட்டில் இருந்தால் அது மோட்டாரின் பெயர்; சைரனின் பெயர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தொழிலுக்கு வந்த புதிதில் நானே இதில் தவறியிருக்கிறேன். ஒரு சேகரிப்புக்குப் பொருள் விவரம் எழுதும் பொறுப்பு கிடைத்தபோது, ஒற்றைத் தலைச் சைரன் ஒன்றின் மோட்டார் தகட்டில் ஜெர்மானிய நிறுவனத்தின் பெயர் தெளிவாக இருந்ததைக் கண்டு ‘ஜெர்மானியச் சைரன்’ என்று பதிவு செய்துவிட்டேன். சில ஆண்டுகள் கழித்து பேரிங் மாற்றுவதற்காக அதைக் கழற்றியபோது, மோட்டாரின் கால்களுக்கு அடியில், அதற்குப் பொருந்தாத வேறு நான்கு துளைகள் கிரீஸில் மூடிக் கிடந்தன. தலையின் உட்புறத்தில் ஆங்கில எழுத்துகள் வார்ப்போடு வார்ப்பாக நின்றன. எரிந்துபோன பழைய மோட்டாரை எடுத்துவிட்டு யாரோ கிடைத்ததைப் பூட்டியிருக்கிறார்கள். என் பதிவை நம்பி அதற்குள் இரண்டு பேர் தங்கள் சைரன்களுக்கும் அதே பெயரைச் சூட்டியிருந்தார்கள். அதைத் திருத்துவதற்கு அலைந்தது இன்றும் நினைவில் இருக்கிறது.

உங்கள் சைரனில் இந்த ஆபத்து சற்றுக் குறைவு. இரண்டு தலைகளைச் சுழற்றும் மோட்டாருக்கு இரு முனையிலும் அச்சு நீண்டிருக்க வேண்டும். அப்படிப்பட்ட மோட்டார் கடையில் எடுத்த எடுப்பில் கிடைப்பதில்லை. ஆகவே இருப்பது முதலில் பூட்டியதாகவே இருக்கக்கூடும். இருந்தாலும் கால்களுக்கு அடியில் பார்த்துவிடுங்கள். அங்கே பழைய துளைகளோ, வேறு அளவில் பதிந்த சுவடோ இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

இனி அந்தத் தகட்டில் நீங்கள் படித்த நான்கு சொற்களைக் கவனிப்போம். ‘50 சைக்கிள்ஸ்’ என்பது மின்னோட்டத்தின் அலைவெண். அமெரிக்காவிலும் கனடாவிலும் பொது வழங்கல் 60. பிரிட்டன், ஐரோப்பா, ஆசியாவின் பெரும்பகுதி ஆகியவற்றில் 50. ஜப்பானில் கிழக்குப் பகுதிக்கு 50, மேற்குப் பகுதிக்கு 60. கனடாவின் ஒன்டாரியோவில் 25 சைக்கிள் மின்சாரம் பரவலாக இருந்து, 1949 முதல் 1959 வரை நடந்த மாற்றத்தில் 60 ஆனது. ஆகவே 25 என்று போட்ட தகடு அகப்பட்டால் அது அரிய தடயம். ‘2850’ என்ற சுழற்சி வேகம் உங்கள் 50-ஐ உறுதிப்படுத்துகிறது. இரு துருவ மோட்டார் 50 சைக்கிளில் நிமிடத்துக்கு 3000 சுற்றை நெருங்கும், ஆனால் சுமையோடு ஓடும்போது அதில் ஐந்து சதவீதம் போலப் பின்தங்கும். 60 சைக்கிளாக இருந்தால் 3450 என்ற அளவில் எழுதியிருப்பார்கள். நண்பர் சொன்ன அமெரிக்கக் கதைக்கு இது முதல் தடை. ஏற்றுமதிக்காக 50 சைக்கிள் மோட்டாரோடு அமெரிக்கர்கள் செய்தது உண்டு என்பதால், தடை என்று மட்டுமே சொல்கிறேன்.

‘400’ என்பது மும்முனை மின்னழுத்தம். அந்தக் காலத்து ஜெர்மானியத் தகட்டில் 220/380 என்றிருப்பதே வழக்கம், திறனை ‘பி.எஸ்.’ என்றோ கிலோவாட்டிலோ குறித்திருப்பார்கள். ஜெர்மானியரின் பி.எஸ். சுமார் 735 வாட், ஆங்கிலேயரின் எச்.பி. சுமார் 746 வாட். இரண்டும் குதிரைத்திறன்தான் என்றாலும் தகட்டில் எந்த எழுத்து நிற்கிறது என்பது நாட்டைக் காட்டிக்கொடுக்கும். ‘சைக்கிள்ஸ்’ என்ற சொல் காலத்தையும் சொல்கிறது. ஹெர்ட்ஸ் என்ற அலகைப் பன்னாட்டு அளவை மாநாடு 1960-ல் ஏற்றுக்கொண்டது. ஆங்கிலம் பேசும் நாடுகளின் தகடுகளில் அது மெல்ல மெல்லத்தான் இடம்பிடித்தது. ஜெர்மானியர்களோ அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே ஹெர்ட்ஸ் என்று எழுதி வந்தவர்கள். எனவே ‘4 எச்.பி., 400, 50 சைக்கிள்ஸ்’ என்ற சேர்க்கை, பிரிட்டிஷ் தர முறையைப் பின்பற்றிய இடத்தில், பெரும்பாலும் 1970-க்கு முன் எழுதப்பட்ட தகடு என்று எனக்குச் சொல்கிறது. அதிலும் 4 குதிரைத்திறனும் இரட்டைத் தலையும் சேர்ந்த வடிவம் பிரிட்டனின் போர்க்கால வான்தாக்குதல் எச்சரிக்கைச் சைரன்களில் நன்கு அறியப்பட்ட ஒன்று.

அமெரிக்க மோட்டாராக இருந்திருந்தால் இன்னொரு கைவிளக்கு கிடைத்திருக்கும். அங்குள்ள மின்பொருள் உற்பத்தியாளர் சங்கமான நேமா, மோட்டாரின் உடற்சட்டக (ஃபிரேம்) அளவுகளை 1952-லும் 1964-லும் திருத்தியது. சட்டக எண்ணுக்குப் பின்னால் ‘யு’ என்ற எழுத்து இருந்தால் முதல் திருத்தத்துக்குப் பின், ‘டி’ இருந்தால் இரண்டாம் திருத்தத்துக்குப் பின். வேறு சைரன் கைக்கு வரும்போது இது உதவும்.

இப்போது வாய்களின் எண்ணிக்கைக்கு வருகிறேன். எனக்கு இந்தத் தொழிலிலேயே மிகவும் பிடித்த தடயம் இது. சைரனில் குழலும் இல்லை, நாக்கும் இல்லை. சுழலும் உருளை காற்றை உள்ளிழுத்து ஓரத்துக்கு வீசுகிறது. வெளியே நிலையாக நிற்கும் உறையின் வாய்கள் அந்தக் காற்றை விட்டுவிட்டு வெளியேற்றுகின்றன. ஒரு விநாடிக்கு எத்தனை முறை காற்று வெட்டுப்படுகிறதோ அதுவே சுருதி. 1819-ல் துளையிட்ட தட்டைக் கொண்டு இதைச் செய்துகாட்டிய பிரெஞ்சு அறிவியலாளர் காஞியார் த லா தூர், தம் கருவி தண்ணீருக்கு அடியிலும் பாடியதால் கடற்கன்னியரின் பெயரான ‘சைரன்’ என்பதை அதற்கு இட்டார்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 2850 சுற்று என்றால் விநாடிக்கு 47.5. அதைப் 10-ஆல் பெருக்கினால் 475 ஹெர்ட்ஸ், 12-ஆல் பெருக்கினால் 570 ஹெர்ட்ஸ். இரண்டும் ஒன்றாக ஒலிக்கும்போது இடைவெளி 6-க்கு 5. நம் இசையில் சொன்னால் ஸட்ஜத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ள தூரம். போர்க்காலப் பிரிட்டிஷ் சைரனின் சோகம் தோய்ந்த ஓசைக்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம். 9-ம் 12-ம் இருந்தால் சுத்த மத்யமம், 8-ம் 12-ம் இருந்தால் பஞ்சமம். வேகம் கூடினாலும் குறைந்தாலும் இந்த இடைவெளி மாறாது, ஏனென்றால் இரு தலைகளும் ஒரே அச்சில் இருக்கின்றன. மின்சாரமே இல்லாமல், வாய்களை எண்ணிய மாத்திரத்தில் உங்கள் சைரன் எந்த இரு சுரங்களில் பாடியது என்று சொல்லிவிடலாம்.

ஆனால் இந்தத் தடயத்தின் எல்லையையும் சொல்ல வேண்டும். 10-க்கு 12 என்ற அமைப்பு அமெரிக்க இரட்டைச் சுரச் சைரன்களிலும் உண்டு. எனவே அது தனியாக நின்று நாட்டைத் தீர்மானிக்காது. அமெரிக்க வேகத்தில் அதே தலைகள் 575, 690 ஹெர்ட்ஸில் கத்தும். இடைவெளி ஒன்றுதான், சுருதி ஏறிவிடும். ஜெர்மனியின் ஈ 57-ஐ மட்டும் இந்தத் தடயம் ஒரேயடியாக விலக்கிவிடுகிறது: அதற்கு ஒரே தலை, ஒரே சுரம், சுமார் 420 ஹெர்ட்ஸ். போர்க்காலச் சைரன் என்று விற்கப்படுவதில் பலர் ஈ 57-ஐத்தான் காட்டுகிறார்கள். அதன் பெயரிலுள்ள 57 என்பது 1957-ஐக் குறிக்கும். போர் முடிந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிந்தைய வடிவம் அது.

அடுத்தது போல்ட்டுகள். மெட்ரிக் ஸ்பேனர் பொருந்தவில்லை என்று நீங்கள் ஒரே வரியில் எழுதிச் சென்றிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் மதிப்பு வாய்ந்த வரி அதுதான். அரை அங்குல விட்டமுள்ள போல்ட் ஒன்றைக் கழற்றுங்கள். ஒரு வெள்ளைத் தாளை அதன் மரைமேல் சுற்றி, பென்சிலைப் படுக்கவைத்து மெல்லத் தேயுங்கள். மரையின் முகடுகள் தாளில் கறுப்புக் கோடுகளாகப் பதியும். அளவுகோலை வைத்து ஒரு அங்குலத்துக்குள் எத்தனை கோடு என்று எண்ணுங்கள். 12 என்றால் பிரிட்டிஷ் விட்வொர்த் மரை. 13 என்றால் அமெரிக்க மரை. இந்த ஒரு எண் வித்தியாசம் பல வாக்குவாதங்களை முடித்துவைத்திருக்கிறது. கால் அங்குலம், 5/16, 3/8 ஆகிய சிறிய போல்ட்டுகளில் இதைச் செய்யாதீர்கள். அவற்றில் இரு முறைகளுக்கும் எண்ணிக்கை ஒன்றே, மரையின் கோணம் மட்டும்தான் 55 பாகை, 60 பாகை என்று வேறுபடும், அதை வெறுங்கண்ணால் பிரித்தறிய முடியாது. 12 மில்லிமீட்டர் மெட்ரிக் போல்ட்டை அரை அங்குலம் என்று மயங்கவும் வாய்ப்புண்டு. அதில் ஒரு அங்குலத்துக்குப் பதினான்கரைக் கோடு வரும்.

விட்வொர்த் என்று தெரிந்தால் காலத்துக்கும் ஒரு குறிப்பு கிடைக்கும். போர்க்காலத்தில் இரும்பைச் சிக்கனப்படுத்துவதற்காகப் பிரிட்டனில் விட்வொர்த் போல்ட்டின் தலையை ஓர் அளவு சிறிதாக்கினார்கள். அரை அங்குலப் போல்ட்டின் தலை, எதிரெதிர்த் தட்டைப் பக்கங்களுக்கு இடையே, பழைய அளவில் 23.4 மில்லிமீட்டர், சிறிதாக்கிய பின் 20.8 மில்லிமீட்டர். 23 எண் ஸ்பேனர் ஏறாமலும் 24 எண் வழுக்கியும் போகிறதா என்று பாருங்கள். போகிறதென்றால் உங்கள் கையில் இருப்பது பெரிய தலைப் போல்ட். ஒன்றிரண்டு போல்ட்டுகள் பின்னால் மாற்றப்பட்டிருக்கலாம். அதனால் தலைகளை உறையோடு இணைக்கும் எல்லாப் போல்ட்டுகளையும் அளந்து, பெரும்பான்மை எது என்று பாருங்கள். பூச்சின் அடியடுக்கு போல்ட்டின் தலைமேலும் தொடர்ந்து படர்ந்திருந்தால் அது ஆதிப் போல்ட்.

விட்வொர்த் மரை பிரிட்டிஷ் தர முறைக்குச் சான்றே தவிர, பிரிட்டன் மண்ணில்தான் செய்யப்பட்டது என்பதற்குச் சான்று அல்ல. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா போன்ற நாடுகளின் பட்டறைகளும் நெடுங்காலம் அதே மரையைத்தான் வெட்டின. பேரிங்குகளைப் பார்த்து மயங்கவும் கூடாது. பேரிங்கின் உள்விட்டம் 25, 30 மில்லிமீட்டர் என்று இருப்பதைக் கண்டு மெட்ரிக் நாட்டு இயந்திரம் என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள்; பேரிங்குகள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும்கூட மெட்ரிக் அளவில்தான் பரவலாக இருந்தன. மேலும் அவை தேய்ந்தால் மாற்றப்படும் பொருள்கள், அவற்றின் மேலுள்ள பெயரும் நாடும் மாற்றியவரின் கடையைத்தான் காட்டும்.

இப்போது அந்த நான்கு ரிவெட் துளைகள். தகடு போய்விட்டாலும் தகட்டின் நிழல் போகாது. அறையை இருட்டாக்கி, கைவிளக்கை அந்த இடத்துக்குப் பக்கவாட்டில், பரப்போடு ஒட்டினாற்போல் பிடியுங்கள். தகடு மூடியிருந்த பரப்புக்கும் சுற்றியுள்ள பரப்புக்கும் பூச்சின் உயரம் மாறுவதால் தகட்டின் விளிம்பு கோடாக எழும்பித் தெரியும். அது செவ்வகமா, முட்டை வடிவமா, முனைகள் வெட்டப்பட்டதா என்று வரைந்துகொள்ளுங்கள். துளைகளின் மையத்திலிருந்து மையத்துக்கு நீளவாட்டிலும் அகலவாட்டிலும் அளந்து, மில்லிமீட்டரிலும் அங்குலத்திலும் எழுதுங்கள். தகடு உள்ள இன்னொரு சைரனின் படத்தோடு ஒப்பிட இந்த இரண்டு அளவுகள் போதும். அங்குலக் கணக்கில் முழுமையாக வரும் இடைவெளி மில்லிமீட்டரில் பின்னத்தோடு வரும் என்பதையும் கவனியுங்கள்.

அதே பக்கவாட்டு வெளிச்சத்தில் உறையின் உட்புறத்தையும், சுழலியின் இறக்கைகளையும், காலின் அடிப்பாகத்தையும் பாருங்கள். வார்ப்பு எழுத்துகள் ஒளிந்திருக்கும் இடங்கள் இவை. மணலில் வார்த்த எழுத்து மேடாக, முனை மழுங்கி இருக்கும். பின்னால் உளியால் கொத்திய எண் பள்ளமாக, கூர்மையாக இருக்கும். மேடாக இருப்பது அச்சின் எண் அல்லது வார்ப்படச் சாலையின் குறி, அதாவது அந்தப் பாகத்தின் எண். பள்ளமாக இருப்பது பெரும்பாலும் அந்த ஒரே இயந்திரத்துக்குரிய வரிசை எண். இரண்டையும் குழப்பாமல் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

காப்புரிமை எண் எங்காவது கண்ணில் பட்டால் அது காலத்துக்கு உறுதியான கீழெல்லை. அமெரிக்கக் காப்புரிமை பத்து லட்சத்தைத் தொட்டது 1911-ல், இருபது லட்சத்தை 1935-ல், முப்பது லட்சத்தை 1961-ல். பிரிட்டனில் 1916 முதல்தான் 100001 என்று தொடங்கித் தொடர் எண் கொடுத்தார்கள், அதற்கு முன் ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து எண்ணினார்கள். ஜெர்மானியப் பொருளில் ‘டி.ஆர்.பி.’ என்றிருந்தால் பேரரசுக் காலம் முதல் 1945 வரையிலான காப்புரிமை முறை, ‘டி.பி.பி.’ என்றிருந்தால் 1949-ல் கூட்டாட்சிக் குடியரசு அமைந்ததற்குப் பின். எந்த எண்ணும் இயந்திரம் அதற்கு முன் செய்யப்படவில்லை என்று மட்டுமே சொல்லும். பழைய அச்சை வைத்துப் பல பத்தாண்டுகள் வார்த்துக்கொண்டே இருப்பதும் உண்டு.

முகவரியும் காலத்தைச் சொல்லும். அமெரிக்க ஊர்ப் பெயருக்குப் பின் ஓரிலக்க, ஈரிலக்க எண் இருந்தால் 1943-க்கும் 1963-க்கும் இடைப்பட்ட அஞ்சல் வட்டார எண். ஐந்திலக்கம் இருந்தால் 1963-க்குப் பின். நிறுவனத்தின் பெயர் மாற்றமும் அப்படியே. சிகாகோவில் தொடங்கிய பெடரல் எலக்ட்ரிக், 1955-ல் பெடரல் சைன் அண்டு சிக்னல் ஆகி, 1976-ல் பெடரல் சிக்னல் ஆனது; தகட்டில் எந்தப் பெயர் நிற்கிறது என்பதே பாதி விடை.

சேவை செய்த இடத்துக்கான தடயங்கள் பூச்சில் இருக்கும். சாம்பல் நிற அடுக்கு பச்சைக்கு அடியில் இருக்கிறது என்றீர்கள். மறைவான ஓரிடத்தில், விரல் நக அளவுக்கு, நீர் ஒற்றிய நுண்ணிய உப்புத்தாளால் சாய்வாகத் தேய்த்தால் அடுக்குகள் மரத்தின் வளையங்களைப் போல ஒவ்வொன்றாய்த் தெரியும். பழைய பூச்சில் ஈயம் இருக்கும், ஆகவே உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், முகமூடி அணியுங்கள். வார்ப்பிலோ தகட்டிலோ மூன்று கோடுகளாலான அம்புக்குறி இருந்தால் அது பிரிட்டிஷ் அரசு உடைமை என்பதன் அடையாளம். வட்டத்துக்குள் முக்கோணம் இருந்தால் அமெரிக்கக் குடிமைப் பாதுகாப்பின் சின்னம். சார்லஸ் காய்னர் 1939-ல் வரைந்தது. ஜெர்மானிய அரசின் கழுகுச் சின்னமும் தயாரிப்பாளரைக் குறிக்கும் மூன்றெழுத்துக் குறியீடும் இருந்தால்தான் விற்றவர் சொன்ன ஜெர்மானியப் போர்க்காலக் கதையை நான் மறுபடி எடுத்துப் பார்ப்பேன். எதுவுமே இல்லையென்றால், உங்கள் சைரன் தொடக்கத்திலிருந்தே ஆலையின் வேலை நேரச் சங்காகவோ தீ எச்சரிக்கையாகவோ இருந்திருக்கலாம். எல்லாச் சைரனும் போரைப் பார்த்ததில்லை.

தயாரிப்பாளர் யார் என்பதில், பிரிட்டிஷ் மரபு உறுதியானால் ஒப்பிட வேண்டிய பெயர்கள் மூன்று. லெஸ்டர் நகரத்தின் ஜென்ட்ஸ், மணிகளும் மின் கடிகாரங்களும் செய்து வந்த பழைய நிறுவனம். லங்காஷயரின் நெல்சனைச் சேர்ந்த கார்ட்டர். ஸ்டான்மோரிலிருந்து ‘செக்கோமாக்’ என்ற பெயரில் விற்ற சர்வீஸ் எலக்ட்ரிக். இவற்றுள் எது என்பதைத் தலையின் ஒட்டுமொத்தத் தோற்றத்தை வைத்துச் சொல்ல நான் துணிய மாட்டேன். வாயின் அகலம், உயரம், இரு வாய்களுக்கு இடையிலுள்ள தடுப்பின் தடிமன், தலையின் வெளிவிட்டம், மோட்டார் காலின் துளை இடைவெளி ஆகிய ஐந்தையும் அளந்து, தகடு உள்ள சைரன்களின் அளவோடு பொருத்திப் பார்த்த பின்பே பெயர் சொல்ல வேண்டும்.

கடைசியாக, ஓடவிட்டுக் கேட்கும் ஆசை. அது எனக்குப் புரிகிறது. ஆனால் இப்போதைய நிலையில் மின்சாரம் கொடுக்காதீர்கள். மோட்டார் தெரிந்த ஒரு மின்பணியாளரைக் கொண்டு 500 வோல்ட் மெகரால் சுற்றுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள மின்காப்பை அளக்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே இருந்தால், காய்ந்து மறுபடி தேறும்வரை இணைக்கக் கூடாது. இணைப்புப் பெட்டிக்குள் வெண்சாம்பல் நிறக் கயிறோ அட்டையோ இருந்தால் அது கல்நாராக இருக்கலாம், கை வைக்காமல் மூடிவிடுங்கள். சுழலிகளைக் கையால் மெல்லச் சுற்றி, எங்கும் உரசாமல் சுழல்கின்றனவா என்று பாருங்கள். சுழலிக்கும் உறைக்கும் இடைவெளி மிகக் குறைவு, உள்ளே துரு பொருக்கேறியிருந்தால் அந்த வேகத்தில் அலுமினிய இறக்கை சிதறும். இறக்கையின் அடியில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று உருப்பெருக்கியால் தேடுங்கள். உறையில் அம்பு வார்க்கப்பட்டிருந்தால் சுழற்சி அந்தத் திசையில் இருக்க வேண்டும். மும்முனைக் கம்பிகளில் இரண்டு இடம் மாறினால் எதிர்த் திசையில் சுழன்று, சுழலியைப் பிடித்திருக்கும் நட்டு தளரக்கூடும். முதல் ஓட்டம் சில விநாடிகளுக்கு மேல் வேண்டாம். காதுக்காப்பு அணியுங்கள், அண்டை அயலாருக்கும் உள்ளூர் அதிகாரிகளுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஊரே கேட்கும் அபாயச் சங்கு இது.

உங்கள் குறிப்பேட்டில் இப்போதைக்கு இப்படி எழுதுங்கள்: ‘இரட்டைத் தலை மின் சைரன், 10 மற்றும் 12 வாய்கள், 4 குதிரைத்திறன், 50 சைக்கிள், வடிவமைப்பு பிரிட்டிஷ் மரபு எனக் கருதப்படுகிறது, தயாரிப்பாளர் அறியப்படவில்லை, ஆலை ஒன்றிலிருந்து பெறப்பட்டது, ஜெர்மனியில் பயன்பட்டதாக விற்றவர் கூற்று, ஆதாரம் இல்லை.’ விற்றவரின் கூற்றை நீக்கிவிடாமல், கூற்று என்றே குறித்து வையுங்கள். நாளை ஒரு பழைய ரசீதோ புகைப்படமோ கிடைத்தால் அது எங்கே பொருந்தும் என்று பார்க்க உதவும்.

அரை அங்குலப் போல்ட்டின் மரைத் தாளையும், நான்கு ரிவெட் துளைகளின் இடைவெளி அளவுகளையும், மேலே சொன்ன ஐந்து அளவுகளையும், பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படங்களையும் அனுப்பிவையுங்கள். படம் எடுக்கும்போது அளவுகோலையும் சட்டத்துக்குள் வையுங்கள். அவை வந்ததும் தயாரிப்பாளர் பற்றி மறுபடி எழுதுகிறேன்.